நாலரை நட்சத்திர ஸ்பீக்கர்

1977-ல் 'பதினாறு வயதினிலே' வந்தபோது ஆனந்த விகடன் அந்தப் படத்துக்கு 62.5 மார்க் போட்டது. படத்தில் யார் யார் நடித்தார்கள் என்பதை மறந்தவர்கள்கூட இந்த மார்க்கை மறக்கவில்லை. சினிமா பேசுகிற டீக்கடை பெஞ்சு எதிலாவது உட்கார்ந்து பாருங்கள், பத்து நிமிஷத்தில் யாராவது ஒருவர் அறுபத்திரண்டரையை எடுத்து விடுவார்.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பி.காம். படித்த என்னைப் போன்றவர்களுக்கு 62.5 என்பது தட்டுத்தடுமாறி வாங்கிய முதல் வகுப்பு. அதை வைத்துக்கொண்டு வங்கி வேலைக்கு விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். தமிழ் தெரியாத ஒருவரிடம், 'எங்கள் ஊரில் ஒரு படம் நூற்றுக்கு 62.5 வாங்கியது, நாங்கள் நாற்பத்தேழு வருஷத்துக்கு மேலாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று சொன்னால், நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஆனால் விகடன் வாசகருக்கு விஷயம் தெரியும். அந்தக் கணக்கில் நாற்பது வாங்கினால் கௌரவம். ஐம்பது வாங்கினால் குடும்பத்தோடு போகலாம். அறுபதைத் தாண்டினால் அது திருவிழா. நூறு என்று ஒன்று இருப்பதாகச் சொல்வார்களே தவிர, அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதாவது, அந்த எண்ணுக்கு உயிர் கொடுத்தது எண் இல்லை. அளவுகோல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, யார் பிடித்திருக்கிறார்கள் என்று வாசகருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அதுதான் உயிர்.

இப்போது உங்கள் செல்போனை எடுங்கள். ஏதாவது ஒரு கடைக்குள் போய் 'ஸ்பீக்கர்' என்று தட்டுங்கள். 4.1, 4.3, 4.2, 4.4, 4.1... கீழே போகப் போக இதேதான். எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் எண்பதுக்கு மேல் வாங்கியிருக்கின்றன. ஆயிரத்து இருநூறு ரூபாய் பெட்டிக்கும் 4.2, முப்பதாயிரம் ரூபாய் பெட்டிக்கும் 4.2. இதில் எதை வாங்குவது? இந்த நட்சத்திரங்களால் நமக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? இந்த வாரம் அதைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் என் பாடத்திலிருந்து தொடங்குகிறேன். புள்ளியியல் பேப்பரில் சராசரி என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டு, எண்ணிக்கையால் வகு. ஆனால் கூட்டக்கூடியதை மட்டும்தான் கூட்ட வேண்டும். தாம்பரம் வழியாக 21ஜி போகிறது. எங்கள் சேலையூர் கேம்ப் ரோடு வழியாக வேளச்சேரி பக்கம் வி51 போகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 36 வரும். கணக்கு சரிதான். அந்த 36-ல் ஏறினால் எங்கே போய் இறங்குவீர்கள்?

நட்சத்திரமும் கிட்டத்தட்ட பஸ் நம்பர்தான். ஒருவர், 'டெலிவரி மறுநாளே வந்துவிட்டது' என்று ஐந்து போடுகிறார். இன்னொருவர், 'அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தது' என்று ஒன்று போடுகிறார். மூன்றாமவர் கல்யாண வரவேற்பில் பென் டிரைவ் போட்டுக் குத்துப்பாட்டு கேட்டுவிட்டு ஐந்து போடுகிறார். நான்காமவர் ராத்திரி பதினோரு மணிக்கு வீணை கேட்டுவிட்டு இரண்டு போடுகிறார். இந்த நாலு பேரையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கலக்கி, 'இந்தாங்க, 3.25' என்று நீட்டினால் அது என்ன பானம்?

இன்னொரு கணக்கு. அறுபது பேர் மார்க் போடுகிறார்கள். ஐம்பது பேர் ஐந்து, பத்து பேர் ஒன்று. கூட்டினால் 260. அறுபதால் வகுத்தால் 4.3. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒருவர்கூட நாலு போடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பத்து பேரும், 'மூணாம் மாசமே வாயை மூடிடுச்சு' என்று எழுதியிருந்தால், உங்களுக்கு வேண்டிய செய்தி 4.3 அல்ல. ஆறில் ஒரு பெட்டி ஊமையாகிறது என்பதுதான். சராசரி அந்தச் செய்தியைப் பாயில் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், சராசரியைப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் ஐந்து கோடுகள் இருக்கும், அதைப் பாருங்கள். ஒற்றை நட்சத்திரக் கோடு எவ்வளவு நீளம், அங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். காசு கொடுத்து எழுத வைத்தவர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. போட்டிக் கம்பெனிக்காரர்கள் எப்போதாவது வருவார்கள்.

காசு வாங்கி எழுதும் விமரிசனம் இந்த நாட்டில் ரகசியம் இல்லை. அதற்காகவே இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையைக் கொண்டு வந்தது. ஊறுகாய்க்கும் குக்கருக்கும் தரம் இருப்பதுபோல, வாடிக்கையாளர் விமரிசனத்தை எப்படிச் சேகரிப்பது, எழுதியவர் நிஜ ஆள்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது, எப்படி வெளியிடுவது என்பதற்கும் ஒரு தரம். கட்டாயம் என்று இல்லாமல், விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்றுதான் தொடங்கினார்கள். விமரிசனத்துக்கே ஒரு ஐ.எஸ்.ஐ. வேண்டியிருக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பொதுஜனம் வேண்டாம், நிபுணரைக் கேட்போம் என்கிறீர்களா? கேட்கலாம். ஒலிச் சாதனங்களுக்கு என்றே வெளிநாட்டில் பத்திரிகைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் 'வாட் ஹை-ஃபை' ஐந்து நட்சத்திரம் போடும். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த விலைக்கு அது எப்படி என்பதுதான் மார்க். ஐயாயிரம் ரூபாய் பெட்டி ஐந்து வாங்கலாம், ஐந்து லட்ச ரூபாய் பெட்டி நாலு வாங்கலாம். உடனே ஐயாயிரம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தமில்லை. எல்.கே.ஜி. பாப்பாவும் நூறு வாங்குகிறது, எம்.எஸ்சி. மாணவர் எழுபது வாங்குகிறார், இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா?

அமெரிக்காவில் 1962-ல் ஜே. கார்டன் ஹோல்ட் தொடங்கிய 'ஸ்டீரியோஃபைல்' வேறு வழி பிடித்தது. மார்க் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. சிபாரிசு செய்யும் சாதனங்களை ஏ, பி, சி, டி என்று வகுப்பு பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். ஏ என்றால் விலையைப் பற்றிக் கவலைப்படாமல் இன்று கிடைப்பதில் மிகச் சிறந்தது. அந்தக் காலத்து சினிமா தியேட்டர் டிக்கெட் மாதிரி. பெஞ்சு, பேக் பெஞ்சு, சோபா, பால்கனி. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. 87-க்கும் 88-க்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் சண்டை போட முடியாது. பால்கனிக்கும் தரை டிக்கெட்டுக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நிபுணருக்கும் கண் இருக்கிறதே! அதுதான் பிரச்னை.

1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள். ஜேபிஎல் ஸ்பீக்கருக்குச் சொந்தக்காரர்களான ஹார்மன் கம்பெனி ஆட்கள். நாற்பது பேரை உட்கார வைத்து நாலு விதமான ஸ்பீக்கர்களைக் கேட்கச் சொல்லி, பத்துக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு. இன்னொரு தடவை நடுவில் திரை போட்டு. ஸ்பீக்கர் அதே, பாட்டு அதே, காது அதே.

பார்த்துக்கொண்டு கேட்டபோது, பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. சின்னதாக, மலிவாக இருந்த செட்டுக்கு இறங்கியது. திரை போட்டதும் இடைவெளி சுருங்கிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. ஒரு ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் அதன் ஒலி நிஜமாகவே மாறும். திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அதைக் காதால் உணர்ந்து மார்க்கை மாற்றினார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டவர்களுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. அவர்கள் கேட்டது பெட்டியின் விலையை. இத்தனைக்கும் அந்த நாற்பது பேரும் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. எம்.பி.3 போலச் சுருக்கிய ஒலியைச் சோதிக்க, சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கம் 2001-ல் 'முஷ்ரா' என்று ஒரு முறை வகுத்தது. நூற்றுக்கு மார்க். ஆனால் கேட்கிறவருக்குத் தெரியாமல் இரண்டு விஷயங்களை நடுவில் ஒளித்து வைப்பார்கள். ஒன்று, சுருக்கப்படாத அசல். இன்னொன்று, டெலிபோனில் கேட்பதுபோல வேண்டுமென்றே கெடுத்த ஒலி. அசலுக்கு நூறை ஒட்டி மார்க் வர வேண்டும், கெடுத்ததற்குக் கீழே வர வேண்டும். ஒளித்து வைத்த அசலுக்கே அடிக்கடி தொண்ணூறுக்குக் கீழே போடுகிறவர் யாராவது இருந்தால், 'ரொம்ப நன்றிங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க' என்று அவர் மார்க்கைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். பரீட்சை எழுதுகிறவருக்கு மட்டுமல்ல, பேப்பர் திருத்துகிறவருக்கும் பரீட்சை. நம் ஊர் வாக்குவாதங்களில் இந்த முறையைக் கொண்டுவந்தால் எத்தனை நிபுணர்கள் மிஞ்சுவார்கள் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

'மனுஷனையே நம்ப வேண்டாம் சார், மெஷின் அளந்த எண்ணைப் பார்ப்போம்' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூறுகளில் ரிச்சி தெருவில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற மூன்றெழுத்து... இல்லை, நாலெழுத்து மந்திரம் மறந்திருக்காது. டிபன் பாக்ஸ் அளவு பெட்டியில் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: 2000 வாட் பி.எம்.பி.ஓ. கொஞ்சம் பெரிய பெட்டியில் 5000. வீட்டுச் சுவரில் இருக்கும் 5 ஆம்பியர் பிளக்கில் என்ன வரும்? 230 வோல்ட்டை ஐந்தால் பெருக்குங்கள், 1150 வாட். ஒரு படி அரிசி போட்டு மூன்று படி சோறு வடிக்கலாம், தப்பில்லை. ஆனால் மின்சாரம் உலையில் பொங்காது. கண் இமைக்கும் நேரத்தில், கற்பனைக்கு எட்டும் உச்சத்தில் என்ன வரக்கூடும் என்று கம்பெனிக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்ட கணக்கு அது. அதற்குப் பொது விதிமுறை எதுவும் கிடையாது.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. அங்கே 1974-ல் அரசாங்கம் தலையிட்டது. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் வாட் எவ்வளவு என்று விளம்பரம் செய்தால், தொடர்ந்து தரக்கூடிய சக்தியை, குறிப்பிட்ட முறையில் அளந்துதான் சொல்ல வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி போட்டது. 2024-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆக, எண் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

சரியாக அளந்த வாட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 50 வாட் ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் 100 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. மூன்று டெசிபல் கூடும், காதுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். விலைப்பட்டியலில் எண் இரண்டு மடங்கு, பில்லிலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, காதில் மட்டும் இல்லை.

அப்புறம் வீடு என்று ஒன்று இருக்கிறது. 'இரைச்சலுக்கும் இசைக்கும் உள்ள வித்தியாசம் 110 டெசிபல்' என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்பது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. சேலையூருக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் விமானப்படைத் தளம். ஒரு பக்கம் வேளச்சேரி ரோடு. மேல் வீட்டில் கிரைண்டர், பக்கத்து மனையில் போர் போடுகிற வண்டி, தலைக்கு மேலே 'டக் டக்'கென்று ஃபேன். அறைக்குள்ளேயே ஐம்பது டெசிபல் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் எண்பதில் பாட்டு வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது முப்பது. மீதி எண்பது அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

இதெல்லாம் எனக்கு ஏன் இத்தனை முக்கியமாகப் பட்டது என்றால், எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். கண் மங்கிய பிறகு பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு டிவி செய்தியே கதி என்று இருந்தார். கொஞ்ச நாளாக டிவி வால்யூம் ஏறிக்கொண்டே போனது. தெருமுனையில் இருந்தே தலைப்புச் செய்தி கேட்கும். அந்த வீட்டுப் பேரன் பிளஸ் டூ. மருமகள் ஒரு நாள் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் பெரியவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. பெரியவரும் உள்ளே டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் தனியாவதற்கு இவ்வளவு போதும்.

மகன் நல்ல மனிதர். அப்பாவுக்காகப் பதினெட்டாயிரம் ரூபாயில் ஒரு செட் பார்த்து வைத்திருந்தார். கனமான பேஸ் பெட்டியோடு சவுண்ட்பார். 4.5 நட்சத்திரம். 'நீங்க பத்திரிகைக்காரர், ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று என்னிடம் வந்தார்.

நான் பெரியவரைக் கேட்டேன்: "ஐயா, சத்தம் கேக்கலையா?"

"சத்தம் கேக்குது தம்பி. என்ன சொல்றான்னுதான் புரியல. எல்லாரும் வாய்க்குள்ள வெத்தலையைப் போட்டுக்கிட்டுப் பேசுறாப்ல இருக்கு."

இதில்தான் எல்லாம் இருக்கிறது. வயதாக ஆக, காதில் முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். உயிரெழுத்துகளின் முழக்கம் கீழே இருக்கிறது, அது கேட்கும். ச, ஸ, ஷ மாதிரி காற்றும் உரசலுமான ஒலிகள் மேலே இருக்கின்றன, அவை போய்விடும். ராகம் இருக்கும், வார்த்தை இருக்காது. வால்யூமைக் கூட்டினால் முழக்கம்தான் கூடும். 4.5 நட்சத்திரம் போட்ட ஆயிரம் பேரும், 'பேஸ் சும்மா அதிருது' என்று மெச்சித்தான் போட்டிருந்தார்கள். அத்தனையும் இருபத்தைந்து வயதுக் காதுகள். அவர்களுக்கு எது ஐந்து நட்சத்திரமோ, அதுவே இந்தக் காதுக்குப் பாதகம்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு கடைக்கு மூன்று பேரும் போனோம். மதியம் இரண்டு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. கடைக்காரப் பையன் உடனே பழைய பாட்டு ஒன்றைப் போட்டான். வேண்டாம் என்றேன். தெரிந்த பாட்டு என்றால் மனசே வார்த்தையைப் போட்டு நிரப்பிக்கொள்ளும், காது சும்மா இருந்தாலும் போதும். போனில் இருந்து முன்பின் கேட்காத செய்தி வாசிப்பைப் போட்டோம். இன்னொன்றும் செய்தோம். எதில் சத்தம் தூக்கலாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும், அது கடைக்காரர்களுக்கும் தெரியும். அதனால் மகன் தன் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாப் பெட்டிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வார்த்தை ஓடியதும் நிறுத்துவோம். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 4.5 நட்சத்திரத்தில் இருபதுக்குப் பதினொன்று. ஓரமாக இருந்த, பேஸ் அதிகமில்லாத, 4.0 வாங்கிய ஏழாயிரம் ரூபாய் ஜோடி ஸ்பீக்கரில் பதினாறு. செய்தியை மாற்றி, வரிசையை மாற்றி இன்னொரு முறை போட்டோம். பத்து, பதினாறு. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது போதாது. ஒரு வீட்டுக்குப் போதும்.

இதில் நான் கண்டுபிடித்தது எதுவுமில்லை. காது பரிசோதனை நிலையத்தில் இதையே முறைப்படி செய்கிறார்கள். வார்த்தைகளைச் சொல்லி, எத்தனை சரியாகத் திரும்பி வருகிறது என்று சதவீதம் போடுவார்கள். அடுத்த வாரம் பெரியவரை அங்கேயும் அழைத்துப் போனார்கள். ஸ்பீக்கர் காதுக்கு வைத்தியம் ஆகாது இல்லையா? ஒரு காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார்கள், வைத்துக்கொண்டார். இப்போது அந்த ஜோடி ஸ்பீக்கர் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவுக்குச் செய்தி கேட்பதில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. பேரன் சமயத்தில் உள்ளே போய் உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டு வருகிறான்.

பதினாறு என்பதும் ஒரு மார்க்தான். 4.5-ம் ஒரு மார்க்தான். என்ன வித்தியாசம்? பதினாறு எதை எண்ணியது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இருபது என்றால் என்ன, பூஜ்யம் என்றால் என்ன என்று தெரியும். யாருடைய காது என்று தெரியும். 4.5-க்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

அதற்காக நட்சத்திரத்தையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல அளவுகோலும் இதே நாட்டில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏ.சி.யில் ஒட்டுகிறார்களே, மின் சிக்கன நட்சத்திரம், 2006-ல் தொடங்கியது. அதில் நட்சத்திரத்தோடு ஒரு வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். எந்த ஆண்டுக் கணக்கு என்றும் இருக்கும். எல்லோரும் ஐந்து வாங்கத் தொடங்கியதும் பரீட்சையைக் கடினமாக்குவார்கள். ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஐந்து நட்சத்திரம் வாங்க 2018-ல் 4.5 என்ற திறன் அளவு போதும். 2022 ஜூலையிலிருந்து 5 வேண்டும் என்றார்கள். போன மாதம் ஐந்தாக இருந்த மெஷின் அடுத்த மாதம் நாலாகிவிட்டது. மெஷின் கெடவில்லை, உலகம் முன்னேறிவிட்டது. அளவுகோலுக்கு இந்த நேர்மை வேண்டும்.

கெட்ட உதாரணமும் என் துறையிலேயே இருக்கிறது. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் விழுந்தது. விழுவதற்குச் சில வாரங்கள் முன்புவரை அதன் கடன் பத்திரங்களுக்குத் தர நிர்ணய நிறுவனங்கள் கொடுத்திருந்தது ஏ.ஏ.ஏ. ஆகக் கடைசி நேரத்தில் டி. முதல் ரேங்க்கிலிருந்து சில வாரங்களில் ஃபெயில். மார்க் போடுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பவர், மார்க் வாங்குகிறவர். இந்த ஒரு வரியை ஸ்பீக்கர் விமரிசனம் படிக்கும்போதும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் அதே கம்பெனியின் முழுப் பக்க விளம்பரம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

ஆக, என் சிபாரிசு இவ்வளவுதான். மார்க்கை வடிகட்டியாக வையுங்கள், தராசாக வைக்காதீர்கள். 2.5 வாங்கியதைத் தள்ளலாம், அதில் பெரும்பாலும் உண்மை இருக்கும். 4.2-க்கும் 4.4-க்கும் நடுவில் உட்கார்ந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே ஒன்றுமில்லை. எந்த விமரிசகராக இருந்தாலும், கடைசியாக எப்போது ஒரு பொருளை மோசம் என்று எழுதினார் என்று தேடுங்கள். எதையும் திட்டாதவர் பாராட்டுவதில் என்ன மதிப்பு? கடைக்குப் போனால் சத்தத்தைச் சமமாக வைத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். முக்கியமாக, யார் கேட்கப்போகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை, மார்க் போடுகிறவர்களும்தான். வாட்ஸ்அப்பில் மகளோடு பேசி முடித்ததும் 'ஒலி எப்படி இருந்தது' என்று ஐந்து நட்சத்திரம் வந்து நிற்கும். போகிற போக்கில் ஐந்தைத் தட்டிவிட்டுப் போகிறோம். ஒரு பொருளுக்கு மார்க் போடும்போது கூடவே ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஃபேன் ஓடுகிறது, எழுபது வயது அம்மா செய்தி கேட்கிறார், ஒரு வருஷமாக நன்றாக இருக்கிறது.' அந்த ஒரு வரிக்காக ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு மகன் நள்ளிரவில் போனைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார்.